முடிகொண்டான் ஆற்றுக்கு அந்தப் பெயர் ஏன்?

காவிரிக் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற ஊர்களில் சரித்திரத்தைப் புஸ்தகத்தில் தேட வேண்டும். இங்கே அது பஸ்ஸின் பெயர்ப் பலகையிலேயே எழுதியிருக்கும். கங்கைகொண்ட சோழபுரம், ஜயங்கொண்டம், கடாரங்கொண்டான், முடிகொண்டான்... எத்தனை 'கொண்ட' பாருங்கள்! இந்த ஊர்களில் பிறந்தவர்கள் பரம சாதுக்கள். மடைத் தண்ணீருக்காக அடுத்த வயல்காரரோடு சண்டை போடுவதோடு சரி. ஆனால் ஊர்ப் பெயரைக் கேட்டால் யானைப் படையும் கப்பற் படையும் கண்முன்னே வந்து நிற்கின்றன.

நன்னிலம் வட்டாரத்தில் முடிகொண்டான் ஆற்றங்கரையில் ஒரு நாள் நின்றுகொண்டிருந்தேன். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. நாற்றங்காலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியவர் ஒருவரிடம், "ஏன் ஐயா, இந்த ஆற்றுக்கு முடிகொண்டான் என்று பெயர் வந்தது எப்படி?" என்று கேட்டேன்.

"அதுங்களா தம்பி? ராமபிரான் பட்டாபிஷேகத்துக்கு முன்னாலேயே பரத்வாஜ முனிவருக்கு இங்கே கிரீடத்தோட காட்சி கொடுத்தாரு. இலங்கைக்குப் போய் ஜயிச்சு வந்தப்புறம் நடந்தது. நம்ம ஊரு ராமர் கோயிலுக்குப் போய்ப் பாருங்க, தெரியும்" என்றார் அவர், சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

கோயிலுக்குப் போனேன், தரிசனம் செய்தேன். ஆனால் கல்வெட்டுக்காரர்கள் இன்னொரு கதையும் சொல்கிறார்கள். 'முடிகொண்ட சோழன்' என்பது முதலாம் ராஜேந்திர சோழனின் பட்டப் பெயர்களில் ஒன்று. அவன் கொண்ட முடி, அவனுடைய சொந்த முடி அல்ல, பாண்டியனுடையது. அது கிடைத்த இடமோ இலங்கை! ஆக, எந்தக் கதையை நம்பினாலும் முடிக்கும் ஆற்றுக்கும் நடுவே இலங்கை வந்து நிற்கிறது.

அந்தக் கிரீடத்தின் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கதைக்காக மட்டும் அல்ல. ஒரு ராஜ்யம் பக்கத்து ராஜ்யத்தோடு எப்படி நடந்துகொள்கிறது என்பதை லாப நஷ்டக் கணக்கு மட்டுமா தீர்மானிக்கிறது? "நாங்கள் யார் தெரியுமா?" என்ற ஓர் எண்ணமும் சேர்ந்தல்லவா தீர்மானிக்கிறது? அதை இந்தக் கிரீடத்தைவிடத் தெளிவாகக் காட்டக்கூடியது நம் நாட்டுச் சரித்திரத்தில் அதிகம் இல்லை.

அடைக்கலம் போன மகுடம்

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். தஞ்சையில் முதலாம் பராந்தக சோழன் ஆண்டுகொண்டிருந்தான். பாண்டியன் ராஜசிம்மனை அவன் தோற்கடித்தான். 'மதுரை கொண்ட' என்ற பட்டத்தையும் சூட்டிக்கொண்டான். பாண்டியனுக்கு உதவியாக இலங்கை மன்னன் படை அனுப்பியிருந்தான். வெள்ளூரில் நடந்த போரில் அந்தப் படையும் தோற்றது.

பிறகு ராஜசிம்மன் ஒரு காரியம் செய்தான். மூதாதையரின் கிரீடத்தையும் இந்திரன் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஆரத்தையும் எடுத்துக்கொண்டு கடல் தாண்டி இலங்கைக்குப் போனான். எதிர்பார்த்த உதவி அங்கே கிட்டவில்லை. ஆகவே கிரீடத்தை அந்த மன்னனிடமே ஒப்படைத்துவிட்டு, தாயின் பிறந்தகமான கேரளத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

இப்போது பராந்தகனின் சங்கடத்தைப் பாருங்கள். மதுரை அவன் கையில். கோட்டை அவன் கையில். வரி வசூலும் அவன் கையில். பாண்டியனாகப் பட்டம் சூட்டிக்கொள்ளக் கிரீடம் மட்டும் இல்லை! வீட்டை வாங்கியாகிவிட்டது, பத்திரம் மட்டும் எதிரியின் பெட்டியில் இருக்கிறது என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

தூதர்கள் இலங்கைக்குப் போனார்கள். அப்போது ஆண்டவன் நான்காம் உதயன். கிரீடத்தைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டான். சோழப் படை கடல் தாண்டியது. உதயன் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு தீவின் தென்கிழக்கே உள்ள ரோகண நாட்டுக்குள் போய்விட்டான். அந்தக் காட்டு நாட்டில் சோழப் படையால் அவனைப் பிடிக்க முடியவில்லை. அதற்குள் வடக்கே ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையெடுப்பு. கி.பி. 949ல் தக்கோலத்தில் பராந்தகனின் மூத்த குமாரன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். சோழ ராஜ்யமே ஆட்டம் கண்டுவிட்டது. கிரீடமாவது, ஆரமாவது!

ஆனால் மறந்துவிட்டார்களா? அதுதான் இல்லை. பராந்தகனின் பேரன் சுந்தர சோழன் காலத்தில் மறுபடியும் இலங்கைக்குப் படை போயிற்று. படையை நடத்திச் சென்ற கொடும்பாளூர்ச் சிறிய வேளான் திரும்பி வரவில்லை. ஈழத்தில் பட்ட வீரன் என்றே கல்வெட்டுகள் அவனை நினைவுகூர்கின்றன.

ஒரு மரக்கால் நெல் விளையுமா?

இந்த இடத்தில் கெட்டிக்கார நேயர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்பார்: "கிரீடம், கிரீடம் என்கிறீரே! அதனால் ஒரு மரக்கால் நெல் அதிகம் விளையுமா? உண்மையான காரணம் முத்தும் வியாபாரமும்தானே?"

நியாயமான கேள்வி. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு இருந்தது. இலங்கைக் கரையில் மாதோட்டம் என்ற பெரிய துறைமுகம் இருந்தது. அராபியக் கடலுக்கும் சீனத்துக்கும் நடுவே போகும் கப்பல்களின் பாதையில் அந்தத் தீவு இருந்தது. இவற்றின்மேல் சோழருக்குக் கண் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஆதாயத்துக்காக மட்டும் சண்டை போடுகிறவன் ஒரு கட்டத்தில் பேரம் பேசுவான். பாதிக்குப் பாதி என்று முடித்துக்கொள்வான். முத்தைப் பங்கு போடலாம். சுங்கத்தைப் பங்கு போடலாம். கிரீடத்தைப் பாதியாக வெட்ட முடியுமா?

பராந்தகன் தன்னை வெறும் காவிரி நாட்டரசன் என்று நினைத்திருந்தால் அந்தக் கிரீடம் அவனுக்கு வேண்டியதே இல்லை. சோழ மண்டலத்துக்கும் பாண்டி மண்டலத்துக்கும் தானே அதிபதி என்று நினைத்தான். அப்படி நினைத்த கணத்திலேயே, கடல் தாண்டி ஒரு பெட்டியில் கிடந்த தங்கம் ராஜாங்க விவகாரமாகிவிட்டது.

உதயனுக்கும் அதே கதைதான். அந்நியன் கிரீடத்தைக் காப்பாற்றுவதில் அவனுக்கு என்ன லாபம்? கொடுத்திருந்தால் படையெடுப்பே தவிர்ந்திருக்கலாம். ஆனால் அடைக்கலமாக வந்த பொருளை மிரட்டலுக்குப் பயந்து கொடுத்த அரசன் என்ற பெயர் எடுத்தால், பிறகு அவன் எப்படி அரசன்? இரண்டு பேரும் கிரீடத்தைப் பார்த்தார்கள். இருவருக்கும் அதில் தெரிந்தது தங்கள் சொந்த முகம்.

குதிரை வியாபாரி கொண்டுவந்த சேதி

985ல் ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வந்தான். அப்போது இலங்கையில் ஐந்தாம் மகிந்தன் மன்னன். சம்பளம் கிடைக்காத அவனுடைய படை கலகம் செய்தது. அந்தப் படையில் கேரளத்தாரும் கன்னடரும் நிறைய இருந்தார்கள். மன்னன் ரோகணத்துக்கு ஓடிப்போனான். குதிரை விற்கப் போன வியாபாரி ஒருவன் இக்கரைக்குத் திரும்பி, இலங்கையின் நிலவரத்தைச் சோழ மன்னனிடம் சொன்னான் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. வெளிநாட்டு இலாகாவும் ஒற்றர் படையும் செய்கிற வேலையை அந்தக் காலத்தில் ஒரு குதிரைத் தரகன் செய்திருக்கிறான், பாருங்கள்!

993ஐ ஒட்டிச் சோழப் படை கடல் தாண்டியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த அநுராதபுரம் அழிந்தது. சோழர்கள் பொலன்னறுவையைத் தலைநகராக்கி, ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். வானவன்மாதேவியின் பெயரால் அங்கே எழுந்த சிவன் கோயில் இன்றும் நிற்கிறது; தஞ்சை நாட்டுச் சிற்பியின் கைவரிசை அதில் அப்படியே தெரியும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைப் படித்தால், ஈழ மண்டலத்துக் கிராமங்களும் கோயிலுக்கு நெல்லும் காசும் செலுத்தும்படி ராஜராஜன் ஏற்பாடு செய்தது தெரிகிறது. காவிரிப் பாசனத்தில் மூழ்கிக் கிடந்த ஊருக்குக் கடல் தாண்டி நெல்!

கிரீடம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அது 1017ஐ ஒட்டி ராஜேந்திரன் காலத்தில் கிடைத்தது. ரோகணத்துக்குள்ளேயே படை புகுந்தது. மகிந்தன் பிடிபட்டான். ஈழ மன்னரின் முடி, அவர்கள் தேவியரின் முடிகள், பாண்டியன் முன்பு அங்கே வைத்துவிட்டுப் போன முடி, இந்திரன் ஆரம் என்று வரிசையாகச் சொல்லிப் பெருமைப்படுகிறது ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி. பராந்தகனின் ஆசை, பேரனின் பேரன் காலத்தில் நிறைவேறியது. பிறகு ராஜேந்திரன் மதுரையில் மாளிகை கட்டி, தன் மகன் ஒருவனைச் 'சோழ பாண்டியன்' என்ற பட்டத்தோடு அமர்த்தினான். பத்திரம் கைக்கு வந்துவிட்டது அல்லவா?

மகிந்தன் என்ன ஆனான்? சோழ நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் கைதியாக இருந்து 1029ல் இங்கேயே இறந்துபோனான். இதே காவிரிக் காற்றைத்தான் அவனும் சுவாசித்தான். 'முடிகொண்ட' என்று பெருமையோடு நாம் உச்சரிக்கும்போது, முடி இழந்தவனும் ஒருவன் இருந்தான் என்பதையும் ஒரு கணம் நினைக்கலாம்.

தஞ்சையில் ஒரு போர்க்கைதி

தஞ்சைக்குப் போனால் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு நேரே ரயிலடிக்குத் திரும்பிவிடாதீர்கள். அரண்மனைக் கலைக்கூடத்துக்கும் போங்கள். அங்கே கையில் கதையுடன் ஒரு துவாரபாலகர் இருக்கிறார். நம் பக்கத்துச் சிற்பங்களின் சாயல் அவரிடம் இல்லை. ஆடையும் ஆபரணமும் வேறு மாதிரி. அவர் ஒரு போர்க்கைதி! ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் 1045ஐ ஒட்டிச் சாளுக்கியரின் தலைநகரான கல்யாணபுரத்தை அழித்தபோது அங்கிருந்து கொண்டுவந்த சிலை அது. அந்தச் சேதியை அதன்மேலேயே தமிழில் வெட்டி வைத்தார்கள். நெடுங்காலம் தாராசுரம் கோயிலில் இருந்துவிட்டுப் பிறகு இங்கே வந்து சேர்ந்தார்.

வாசலைக் காக்கும் காவலனைத் தூக்கிக்கொண்டு வந்தால், "உன் வீட்டுக்குக் காவல் இல்லை" என்று எதிரிக்குச் சொன்னதாகத்தானே அர்த்தம்? அதன் பலன் என்ன? புலிக்கொடிக்கும் பன்றிக்கொடிக்கும் பகை இன்னும் கொழுந்துவிட்டது. 1054ஐ ஒட்டிக் கொப்பத்தில் அதே ராஜாதிராஜன் யானைமேல் இருந்தபடி உயிர் விட்டான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடி சூடிக்கொண்டு போரை நடத்தினான்.

இது ஏதோ பழைய ராஜாக்களின் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். 1918 நவம்பரில் தோற்றுப்போன ஜெர்மனி, பிரான்ஸில் ஒரு காட்டில் நின்ற ரயில் பெட்டியில் போர் நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெட்டியைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் தோற்றது. ஹிட்லர் என்ன செய்தான் தெரியுமா? அதே பெட்டியை, அதே இடத்துக்கு இழுத்து வரச்செய்து, அதற்குள்ளேயே பிரெஞ்சுக்காரர்களைக் கையெழுத்திட வைத்தான். பிறகு பெட்டியை பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டான். கல்யாணபுரத்துத் துவாரபாலகரும் அந்த ரயில் பெட்டியும் ஒரே ஜாதி!

ஆனால் 1963 ஜனவரியில் அந்த இரண்டு தேசங்களும் நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஜெர்மனியை வென்றால்தான் பிரான்ஸ் என்றும், பிரான்ஸை வென்றால்தான் ஜெர்மனி என்றும் நினைத்திருந்தவர்கள், தங்களைப் பற்றி வேறு விதமாக நினைக்கப் பழகிக்கொண்டார்கள். தேசங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. நதியும் மலையும் அப்படியே இருந்தன. மாறியது எண்ணம்தான்.

பேரன் மாற்றிய கொள்கை

சோழ நாட்டிலும் அப்படி ஒரு மாற்றம் வந்தது. 1070ல் சோழ சிம்மாசனத்தில் ஏறிய முதலாம் குலோத்துங்கன் யார்? ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன். தகப்பனார் வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியர். எந்தச் 'சாளுக்கியர்' என்ற பெயரைக் கேட்டாலே சோழருக்கு ரத்தம் கொதித்ததோ, அந்தப் பெயருள்ள குலத்தின் கிளையிலிருந்தே ஒரு சோழ மன்னன்!

அதே சமயத்தில் இலங்கையில் விஜயபாகு சோழப் படையை வெளியேற்றிவிட்டான். குலோத்துங்கன் அந்தத் தீவைத் திரும்பப் பிடிப்பதில் உயிரை விடவில்லை. இடையில் ஒரு விபரீதம் நடந்தது உண்மைதான். கன்னட நாட்டுக்குப் போன விஜயபாகுவின் தூதர்களின் மூக்கையும் காதையும் சோழ நாட்டில் அறுத்துவிட்டார்கள் என்று சூளவம்சம் சொல்கிறது. விஜயபாகு கொதித்தெழுந்து படை திரட்டினான். ஆனால் அவனுடைய படையிலிருந்த வேளைக்காரர் என்ற தமிழ் வீரர்கள் சோழரோடு போர் செய்ய மாட்டோம் என்று கலகம் செய்தார்கள். மன்னன் அவர்களைக் கடுமையாக அடக்கினான். போரும் நடக்கவில்லை. பின்னால் குலோத்துங்கனின் மகள் ஒருத்தி இலங்கை இளவரசன் ஒருவனை மணந்தாள். 'கொண்ட' என்று பட்டம் சூடிய பாட்டனுக்குப் பின், 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பேரன் பெயர் எடுத்தான். வென்றதற்காக அல்ல, வரியை நீக்கியதற்காக!

வேளைக்காரர் கதையில் இன்னும் ஒரு திருப்பம் உண்டு. புத்தபிரானின் புனிதப் பல் வைத்திருந்த பொலன்னறுவைக் கோயிலைப் பிற்காலத்தில் தங்கள் காவலில் ஏற்றுக்கொண்டவர்களும் அதே வேளைக்காரர்கள்தான். அந்தப் பிரதிக்ஞை தமிழ்க் கல்வெட்டாக இன்றும் அங்கே நிற்கிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது?

நேயர்களே, ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தக் கதை முழுவதிலும் தமிழனுக்கும் சிங்களவனுக்கும் நடந்த சண்டை எங்கே இருக்கிறது? சோழனும் தமிழன், பாண்டியனும் தமிழன். பாண்டியனுக்குத் துணை நின்றவன் சிங்கள மன்னன். சிங்கள மன்னனின் படையில் கேரளத்தார், கன்னடர், தமிழர். பௌத்தத்தின்மேல் வெறுப்பு என்றும் சொல்ல முடியாது. அநுராதபுரத்து விகாரைகளைச் சோழப் படை சூறையாடியது என்று சூளவம்சம் வேதனையோடு எழுதுகிறது. அதே ராஜராஜன்தான் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தையே கொடுத்தான். பிறகு 1025ல் ராஜேந்திரன் அந்த ஸ்ரீவிஜயத்தின்மேலேயே கப்பற்படை அனுப்பினான் என்பது வேறு விஷயம்! அது கிரீடங்களின் சண்டை, குலங்களின் சண்டை.

அதை இனங்களின் சண்டையாகப் படித்தவர்கள் பிற்காலத்தார். அக்கரையில் அநுராதபுரத்தின் அழிவு ஆறாத காயமாக நினைக்கப்பட்டது. இக்கரையில் அதுவே வெற்றிப் பெருமிதம் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டில் ஈழத்தில் ஆயுதம் ஏந்திய விடுதலைப் புலிகள் சோழரின் புலியையே சின்னமாகக் கொண்டார்கள். அந்தப் புலியைக் கண்டு அக்கரையில் அஞ்சியவர்களுக்குப் பத்தாம் நூற்றாண்டு நேற்று நடந்ததுபோல் இருந்தது. 1987ல் இந்தியப் படை அங்கே போயிற்று, 1990ல் திரும்பியது. 2009ல் போர் முடிந்தபோது, கணக்கில் வராத ஜனங்கள் மாண்டிருந்தார்கள். அந்தப் போருக்கு இருபதாம் நூற்றாண்டின் காரணங்கள் பல உண்டு. மொழிச் சட்டம் உண்டு, கலவரங்கள் உண்டு. ஆனால் பழைய கிரீடங்களின் நிழலும் அதன்மேல் விழுந்தது.

இன்று நாகப்பட்டினத்துக் கரையில் போய் நின்று பாருங்கள். 1974லும் 1976லும் இரண்டு தேசங்களும் கடலில் எல்லை வகுத்தன; கச்சத்தீவு இலங்கையின் பக்கம் போயிற்று. அதன் பிறகு, பிடிபட்ட மீனவர், பறிபோன படகு, காத்திருக்கும் மனைவி என்று எத்தனை செய்திகள்! ஒவ்வொரு தடவையும் இங்கே ஒரு பெருமிதமும் அங்கே ஓர் அச்சமும் எழுந்து பேசுகின்றன. ஆனால் விசைப்படகுகளின் இழுவை மடியால் வலையும் மீனும் இழந்ததாக அக்கரையில் முறையிடுகிறவர்கள் யார்? யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்களே! 2017ல் இலங்கை இழுவை மடிக்குச் சட்டத்தாலேயே தடை போட்டது. இந்த வழக்கிலும் இனம் அல்ல, மீன்தான் பிரச்னை. மீனைப் பங்கு போடலாம். நாளையும் காலத்தையும் பங்கு போடலாம். அதைக் கிரீடமாக்கிவிட்டால்தான் பங்கு போட முடியாது.

அதற்காகச் சோழர் பெருமையை மறந்துவிடச் சொல்லவில்லை. பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்க்கும்போது எனக்கும்தான் நெஞ்சு நிமிர்கிறது. அந்தப் பெருமையோடு குலோத்துங்கனையும் சேர்த்து நினைத்துக்கொள்வோம் என்றுதான் சொல்கிறேன். சோழ மண்ணில் இறந்த மகிந்தனையும், பல் கோயிலைக் காத்த தமிழ் வேளைக்காரரையும் நினைத்துக்கொள்வோம்.

ஆற்றங்கரையில் நான் இந்தக் கதையையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

"அவ்வளவு பாடுபட்டுக் கொண்டாந்த அந்தக் கிரீடம் இப்ப எங்கே தம்பி இருக்கு?"

நான் விழித்தேன். கிரீடமும் இல்லை, ஆரமும் இல்லை. அவை போன இடம் தெரியவில்லை.

பெரியவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். "ஆறு இருக்குல்ல? அது போதும்" என்று சொல்லிவிட்டு, மடையைத் திறந்துவிடப் போனார்.